மாத்திரையில் வருமா தூக்கம்?

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த பேரவை நண்பர்கள், "மச்சான், நீ மெக்கானிக்கல். ரோபோ பற்றியோ சி.என்.சி. மெஷின் பற்றியோ நாலு பக்கம் எழுதிக் கொடு" என்றார்கள். எழுத உட்கார்ந்தேன். ரோபோ பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். அந்தப் புத்தகம் உங்களிடமும் இருக்கிறது. சொந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்த ஒரே டெக்னிக்கல் விஷயம் தூக்கம். அதைக் கெடுத்துக்கொள்வது எப்படி, கெட்டதை மாத்திரை போட்டு இன்னும் கெடுப்பது எப்படி, பிறகு ரிப்பேர் செய்வது எப்படி என்று மூன்றும் தெரியும். ஆகவே நண்பர்களே, தோழிகளே, அதையே எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை, பாதியில் தூங்கிவிடாதீர்கள்.

சம்பவம் நடந்தது நாலாவது செமஸ்டரில், ஒரு புதன்கிழமை காலை, ஒர்க்‌ஷாப் வகுப்பில். லேத்தில் ஜாபை மாட்டி சக் கீயால் இறுக்கினேன். இறுக்கியதும் கீயைக் கழற்றி ட்ரேயில் வைக்க வேண்டும். முதல் வருஷம் முதல் நாள் இன்ஸ்ட்ரக்டர் சார் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். "கீ சக்கில் இருக்கிறவரைக்கும் உன் கை அதன்மேல் இருக்கணும். கையை எடுத்தா கீயும் கூடவே வரணும்" என்பார். அன்று என் கை மட்டும் வந்தது. மோட்டாரைப் போட்டேன். கீ பறந்தது. பக்கத்து லேத்தில் குனிந்து வெர்னியர் பார்த்துக்கொண்டிருந்த நண்பனின் தலைக்கு ஒரு சாண் மேலே போய்ச் சுவரில் மோதியது. காரை பெயர்ந்து விழுந்தது. அவன் மட்டும் நிமிர்ந்து நின்றிருந்தால்... இந்த வாக்கியத்தை நான் இன்றுவரை முடித்ததில்லை.

சார் திட்டவில்லை. மெயினை ஆஃப் செய்துவிட்டு அருகில் வந்து என் கண்ணைப் பார்த்தார்.

"தண்ணி கிண்ணி போட்டிருக்கியாடா?"

"சத்தியமா இல்லை சார்."

"அப்ப என்ன போட்டிருக்கே?"

"சளி மாத்திரை சார். ரெண்டு."

"சளியா?"

"இல்லை சார். தூக்கம் வர்றதுக்கு."

பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

ஆரம்பித்த கதை

மூன்றாவது செமஸ்டரில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர் எனக்கு அரியர் விழுந்தது. (மெக்கானிக்கல் நண்பர்கள் இந்த இடத்தில் தலையாட்டுவார்கள்.) அந்தப் பயத்தில் ராத்திரி படிப்பு ஆரம்பித்தது. முதலில் ஒரு மணி வரை. அப்புறம் இரண்டு, இரண்டரை. காலையில் எட்டரைக்கு எழுந்தால் மெஸ்ஸில் இட்லி இருக்காது. ஒரு டீயைக் குடித்துவிட்டு ஓடுவேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு ரூமுக்கு வந்து விழுந்தால் ஏழு வரை தூக்கம். எழுந்து முகம் கழுவி, கேட் வாசல் கடையில் இன்னொரு டீ. மறுபடி படிப்பு.

ஒரு மாதம் இப்படி ஓடியது. அப்புறம்தான் வேடிக்கை. சீக்கிரம் தூங்கலாம் என்று நினைத்த நாளிலும் தூக்கம் வரவில்லை. பதினொரு மணிக்குப் படுத்தால் ஃபேன் சத்தம் கேட்கும், ரூம்மேட் குறட்டை கேட்கும், தூரத்தில் சரக்கு ரயில் போவது கேட்கும். பன்னிரண்டு ஆகும். 'இப்போ தூங்கினாலும் ஏழு மணி நேரம் கிடைக்கும்' என்று மனசு கணக்குப் போடும். ஒரு மணிக்கு, 'ஆறு மணி நேரம்'. இரண்டு மணிக்கு, 'அஞ்சு'. பெண்டிங் மொமென்ட் கணக்கில் தப்புப் போடுகிற நான், இந்தக் கணக்கில் ஒருநாளும் தப்புப் போட்டதில்லை.

ரூம்மேட்தான் வழி சொன்னான். "எனக்குச் சளி பிடிச்சா எங்க அம்மா இதைத்தான் குடுப்பாங்க. போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வரும்டா" என்று பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தான். குளோர்பெனிரமின் என்று பெயர். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற சின்ன மாத்திரை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல எண்ணத்தில் கொடுத்தான்.

முதல் நாள் பத்தரைக்குப் போட்டேன். பதினொன்றுக்கு எனக்கு உலகம் தெரியாது. உலகத்திலேயே பெரிய விஞ்ஞானி என் ரூம்மேட்தான் என்று தோன்றியது. நாலைந்து நாள் போனது. ஒரு மாத்திரை போட்டும் பன்னிரண்டு வரை விழித்துக் கிடந்தேன். இரண்டாக்கினேன். அதுவும் பழகிப்போனது. இருமலே இல்லாமல் இருமல் சிரப் வாங்கி ஒரு மூடி, இரண்டு மூடி என்று குடித்தேன். காலையில் நாக்கு அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். தலைக்குள் ஈரப் பஞ்சை அடைத்து வைத்தது போல இருக்கும். அது போக ஒரு டீ, அப்புறம் ஒரு டீ. ஐந்து வாரம் இப்படி இருந்தேன். ஆறாவது வாரம் புதன்கிழமைதான் சக் கீ பறந்தது.

மறுநாள் சார் என்னைத் தன் பைக்கில் உட்கார வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த டாக்டரம்மா பி.பி. பார்த்தார். குறட்டை உண்டா, மூச்சு நின்று விழிப்பது உண்டா, மனசில் என்ன கஷ்டம், என்னென்ன குடிக்கிறாய் என்றெல்லாம் கேட்டார். பிறகு, "மாத்திரை எப்போ போடறே?" என்றார்.

"பத்தரைக்கு மேடம்."

"அந்த மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். கணக்குப் போடு."

போட்டேன். ராத்திரி பத்தரைக்குப் போட்டதில் பாதி, மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கும் உடம்பில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு லேத் முன்னால் நிற்கும்போது பாதிக்கு மேல் உள்ளே இருக்கிறது. அதற்கு மேல் தினமும் ராத்திரி இன்னும் இரண்டு சேர்கிறது. மூளை விழித்திருக்க உதவுகிற பொருள்களில் ஹிஸ்டமின் ஒன்று. இந்த மாத்திரை அதைத்தான் தடுக்கிறது. தூக்கக் கலக்கம் அதன் பக்க விளைவு. அந்தப் பக்க விளைவும் சில நாளில் மூளைக்குப் பழகிவிடும். ஆக, ராத்திரி தூக்கத்துக்கு உதவுவது குறைந்துகொண்டே போக, காலை மந்தம் மட்டும் மிச்சமாக நின்றது. இதற்குத்தான் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டேங்க்கும் கடிகாரமும்

டாக்டரம்மா ஓ.பி. சீட்டைத் திருப்பி ஒரு டேங்க் படம் போட்டார். படம் சுமார்தான், நம்ம டிராயிங் சார் பார்த்தால் கிழித்துப் போட்டிருப்பார். ஆனால் விஷயம் புரிந்தது. பிறகு லைப்ரரியில் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். 1982-ல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆராய்ச்சியாளர் சொன்ன விளக்கம் இது. தூக்கத்தை இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடத்துகின்றன. ஒன்று டேங்க், இன்னொன்று கடிகாரம்.

காலையில் எழுந்ததிலிருந்து மூளை வேலை செய்யச் செய்ய, அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. ஓவர்ஹெட் டேங்க்கில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. எவ்வளவு நிறைகிறதோ அவ்வளவு தூக்கம் அழுத்தும். தூங்கும்போது டேங்க் காலியாகும். இப்போது என் கதையைப் பாருங்கள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை தூங்கி, நிறைந்து வந்த டேங்க்கைத் திறந்து விட்டுவிடுகிறேன். பிறகு பதினொரு மணிக்குப் படுத்து, 'ஏன் தண்ணி வரலை?' என்கிறேன்.

டீயும் காபியும் டேங்க்கைக் காலி செய்வதில்லை. அவற்றிலுள்ள காஃபின், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. லெவல் காட்டுகிற மிதவையைக் கையால் பிடித்து வைத்துக்கொண்டு டேங்க் நிறையவில்லை என்று சொல்வது போல. காஃபின் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆகும். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே 400 மில்லிகிராம் காஃபின் எடுத்துக்கொண்டவர்களுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. 400 மில்லிகிராம் என்பது ஒரு கிளாஸ் டீ அல்ல, பல கிளாஸ். ஆனால் பரீட்சைக் காலத்தில் நம்மில் சிலர் குடிக்கிற கணக்கு எனக்குத் தெரியும்.

இரண்டாவது, கடிகாரம். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கே போகிற இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 செல்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. உடம்பின் மாஸ்டர் கிளாக் அதுதான். செல்லுக்குள் அந்தக் கடிகாரம் எந்த மரபணுக்களால் ஓடுகிறது என்று பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஈயை வைத்து நோபல் வாங்கலாம் என்றால், நம் ஹாஸ்டல் கொசுவை வைத்து என்னென்ன வாங்கலாமோ!

நம் கடிகாரத்துக்கு ஒரு மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட் உண்டு. அது சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. மனிதர்களுக்குச் சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று 1999-ல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் அளந்தார்கள். விட்டால் தினமும் கொஞ்சம் பின்தங்கும். அதைத் திருப்பிச் சரிசெய்து வைப்பது காலை வெளிச்சம். எட்டரை வரை போர்வைக்குள் இருந்த எனக்கு யார் சரிசெய்வது? அதோடு, பதின்ம வயதில் இந்தக் கடிகாரம் இயற்கையாகவே பின்னால் தள்ளிப் போகிறது. நம் வயதில் லேட்டாகத் தூக்கம் வருவது வெறும் சோம்பேறித்தனம் அல்ல. வீட்டில் அப்பா திட்டும்போது சொல்லிப் பாருங்கள். நான் சொல்லிப் பார்த்தேன், பலன் இல்லை.

நத்தானியேல் கிளைட்மன் என்றொரு விஞ்ஞானி, சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர். இந்தக் கடிகாரத்தை மாற்ற முடியுமா என்று பார்க்க 1938-ல் ஒரு மாணவரையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவில் கென்டக்கியிலுள்ள மாமத் குகைக்குள் இறங்கினார். வெயில் தெரியாத இருட்டு. 32 நாள் அங்கேயே கிடந்து, ஒரு நாளுக்கு 28 மணி நேரம் என்று வைத்து வாழ்ந்து பார்த்தார்கள். இளைஞரான மாணவரின் உடம்பு ஓரளவு ஒத்துக்கொண்டது. கிளைட்மன் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. அது பாட்டுக்குப் பழைய 24 மணி நேரக் கணக்கிலேயே தூக்கம் கேட்டது. கைடு எப்போதும் மாணவனை விடக் கஷ்டப்படுவார் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே உதாரணம் இதுதான்.

டேங்க், கடிகாரம் இரண்டும் கெட்டது பாதிக் கதை. மீதிப் பாதியைக் கெடுத்தது என் கட்டில். ஹாஸ்டலில் நமக்குக் கட்டில்தான் டைனிங் டேபிள், ஸ்டடி டேபிள், சினிமா தியேட்டர், அரட்டைத் திண்ணை எல்லாம். அதோடு தினமும் மூன்று மணி நேரம் அதில் விழித்துக் கிடந்து புரண்டால், மணி அடித்ததும் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் போல, கட்டிலைப் பார்த்ததும் மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடும். மெஸ்ஸில் உட்கார்ந்தால் கண் சொக்கும், கட்டிலில் படுத்தால் பளிச்சென்று இருக்கும். உங்களுக்கும் அப்படித்தானா? அப்படியென்றால் மேலே படியுங்கள்.

பெரிய மாத்திரைகள்

நான் போட்டது சின்ன மாத்திரை. எங்கள் மாடியிலேயே ஒரு சீனியர் அண்ணன் பெரிய மாத்திரை போட்டுக்கொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். அல்பிரசோலம். எங்கிருந்தோ, சீட்டு இல்லாமல் கிடைத்திருக்கிறது. ஊருக்குப் போனபோது கொண்டுபோக மறந்துவிட்டார். இரண்டாம் நாள் கை நடுங்க ஆரம்பித்து, வியர்த்து, இரண்டு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லாமல் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

தூக்க மாத்திரையின் சரித்திரமே இதுதான். 1903-ல் எமில் ஃபிஷரும் மெரிங்கும் பார்பிட்டாலை அறிமுகப்படுத்தியபோது அதிசய மருந்து என்றார்கள். அந்த வகை மருந்தில் அளவு கொஞ்சம் மீறினால் மூச்சு நின்றுவிடும்; 1962-ல் நடிகை மர்லின் மன்றோ இறந்தது அந்த வகை மாத்திரைகளால்தான். 1960-ல் குளோர்டயஸிபாக்சைடும் 1963-ல் டயஸிபாமும் வந்தன. பழையதை விடப் பாதுகாப்பானவை, உண்மைதான். ஆனால் சில வாரங்கள் தொடர்ந்து போட்டாலே உடம்பு அதைச் சார்ந்துவிடக்கூடும் என்பது போகப் போகத் தெரிந்தது. அல்பிரசோலமும் அந்தக் குடும்பம்தான். திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் தூக்கம் கெடும், சிலருக்கு வலிப்பே வரும். அதனால் யாராவது இதைப் போட்டுக்கொண்டிருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வீரமாக அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். டாக்டரிடம் போங்கள், அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப் போகலாம், அது தனி ஆபத்து.

2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயஸிபாம், சோல்பிடெம் எல்லாம் நம் நாட்டில் ஹெச்-1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. கடைக்காரர் யார் எழுதினார், யாருக்குக் கொடுத்தோம் என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அல்பிரசோலம் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் வருகிறது. நண்பனுக்கு நாலு மாத்திரை கொடுத்து உதவுவதாக நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

பாட்டி வைத்தியமும் கேட்டேன். பாலில் ஜாதிக்காய்ப் பொடி ஒரு சிட்டிகை என்றார் பாட்டி. ரூமில் ஒருவன் 'சிட்டிகைக்கே தூக்கம் வந்தால் ஸ்பூனுக்கு எப்படி இருக்கும்' என்று போட்டுப் பார்த்து, மறுநாள் முழுக்க வாந்தியும் படபடப்புமாகக் கிடந்தான். ஜாதிக்காய் அதிகமானால் விஷம். ஆனால் அதே பாட்டி சொன்ன இன்னொன்று நூற்றுக்கு நூறு சரி. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்காதே என்பார். வெந்நீர்க் குளியலுக்குப் பிறகு உடம்புச் சூடு இறங்கும். இறங்கும்போது தூக்கம் வரும். அதைப் பகலில் செலவழிக்காமல் ராத்திரிக்கு வை என்பதுதான் அதன் அர்த்தமாக எனக்குப் படுகிறது. டாக்டர்களும் படுப்பதற்கு ஒன்று, இரண்டு மணி நேரம் முன்னால் வெந்நீரில் குளிக்கச் சொல்கிறார்கள். நம் ஹாஸ்டலில் வெந்நீருக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள், அது பேரவை தேர்தல் வாக்குறுதியில் இருந்தது.

ரிப்பேர்

2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பழக்கத்தை மாற்றும் பயிற்சிதான் என்று பரிந்துரை செய்தது. அந்தப் பயிற்சியின் இரண்டு முக்கியப் பாகங்களில் ஒன்றை 1972-ல் ரிச்சர்ட் பூட்சினும், மற்றதை 1987-ல் ஆர்தர் ஸ்பீல்மனும் விளக்கியிருக்கிறார்கள். எனக்கு டாக்டரம்மா கொடுத்ததும் அதுதான்.

முதலில் மாத்திரை. நான் போட்டது லேசானது என்பதால் நாலு நாள் ஒன்று, பிறகு நிறுத்து என்றார். நிறுத்திய இரண்டு ராத்திரி மோசமாக இருந்தது. "அது மருந்து விட்டதால் வர்றது. உன் சொந்தத் தூக்கம் இன்னும் வரலை, பொறு" என்று முன்னாலேயே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

பிறகு இரண்டு வாரம் ஒரு நோட்டில், எப்போது படுத்தேன், சுமாராக எப்போது தூங்கினேன், எப்போது எழுந்தேன் என்று எழுதச் சொன்னார். நோட்டைப் பார்த்தால், ஒன்பது மணி நேரம் கட்டிலில் கிடக்கிறேன். தூங்குவது சராசரி ஐந்தேகால் மணி நேரம். எஃபிஷியன்சி என்ன? அவுட்புட் பை இன்புட் இன்டு 100. வந்தது 58 சதவீதம். எந்தத் தொழிற்சாலையும் இந்த மெஷினை வாங்காது. 85-க்கு மேல் கொண்டுவர வேண்டும் என்றார் டாக்டரம்மா. அவுட்புட்டை நம்மால் நேரடியாக ஏற்ற முடியாது. 'தூங்கு, தூங்கு' என்று மனசை அதட்டினால் அது இன்னும் விழித்துக்கொள்ளும். நம் கையில் இருப்பது இன்புட் மட்டும். ஆக, கட்டிலில் இருக்கும் நேரத்தைக் குறை.

என் டைம்டேபிள் இப்படி ஆனது. ராத்திரி பன்னிரண்டரைக்கு முன்னால் கட்டிலில் ஏறக்கூடாது. காலை ஆறு மணிக்கு எழுந்தே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்பட. எழுந்ததும் கிரவுண்டில் வெளிச்சத்தில் அரை மணி நேரம். பகல் தூக்கம் கிடையாது. மதியத்துக்குப் பிறகு டீ கிடையாது. படுத்துச் சுமார் இருபது நிமிஷத்தில் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்துவிட வேண்டும். வராந்தாவில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து ஏதாவது போரடிக்கிற புத்தகம் படித்து, கண் சொக்கினால் மட்டும் திரும்பி வர வேண்டும். கட்டில் தூக்கத்துக்கு மட்டும். மணி பார்க்கக்கூடாது. செல்போன் தலையணைக்கடியில் இருக்கக்கூடாது. போனின் வெளிச்சம் ஒரு பக்கம் கெடுக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால், 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று வீடியோ பார்க்கும் நம் ஆசைதான் அதைவிட அதிகம் கெடுக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த நேரக் குறைப்பை டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போகவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், மனநிலை மிகவும் ஏறி இறங்குகிற நோய் உள்ளவர்களுக்கும் இது ஆபத்து. முதல் வாரம் பகலில் பயங்கரமாகத் தூக்கம் அழுத்தும், வண்டி ஓட்டக்கூடாது, மெஷின் தொடக்கூடாது. சார் என்னை லேத்திலிருந்து எடுத்து ஃபிட்டிங் செக்‌ஷனில் போட்டார். அரத்தை வைத்து ராவிக்கொண்டே இருந்தேன். முதல் வருஷப் பையன்கள் என்னை ஃபெயிலான சீனியர் என்று நினைத்தார்கள்.

நாலாம் நாள் சாம்பாரில் முகம் விழாத குறையாக மெஸ்ஸிலேயே தூங்கினேன். ரூம்மேட் தட்டி எழுப்பினான். ஆறாம் நாள், 'மாத்திரையே தேவலை' என்று தோன்றி அவன் பெட்டியைத் திறக்கக் கூடப் போனேன். அவன் அட்டையை எங்கோ ஒளித்து வைத்திருந்தான். ஒன்பதாம் நாள் பன்னிரண்டரைக்குப் படுத்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது ஆறு மணி அலாரம். நடுவில் கணக்குப் போடவே இல்லை. வாரச் சராசரி 85-ஐத் தாண்டினால் அடுத்த வாரம் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கலாம். பன்னிரண்டேகால், பன்னிரண்டு, பதினொன்றே முக்கால் என்று இறங்கி பதினொன்றுக்கு வந்து சேர இரண்டு மாதம் பிடித்தது. இடையில் ஒரு வாரம் ஊர்த் திருவிழாவுக்குப் போய் எல்லாம் குலைந்து, மறுபடி பன்னிரண்டேகாலில் ஆரம்பித்தேன்.

இப்போதும் பரீட்சைக்கு முன்னால் சில ராத்திரி தூக்கம் வராது. வராவிட்டால் வராந்தா. அவ்வளவுதான். முன்பு ஒரு கெட்ட ராத்திரியைப் பார்த்து அடுத்த பத்து ராத்திரிக்குப் பயப்படுவேன்.

பரீட்சை என்றதும் ஒன்று. விடிய விடிய படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: படித்தது மூளையில் பதிவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1997-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆராய்ச்சி ஒன்றில், 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கைவேகமும் கவனமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்குக் குறைந்திருந்தன. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 தான். காலை ஆறுக்கு எழுந்தவன் ராத்திரி பதினொரு மணிக்கு அந்த நிலைக்கு வந்துவிடுகிறான். நாளை நாம் ஒரகடத்திலோ ஓசூரிலோ கோவையிலோ 'சி' ஷிஃப்ட் பார்க்கப் போகிறோம். அப்போது பிரஸ் மெஷின் முன்னால் நிற்பது நம் கைதான். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருபவர்கள் வெயிலில் அதிகம் சுற்றாமல் வந்து, ஜன்னலை நன்றாக மூடி இருட்டாக்கித் தூங்குங்கள். கடிகாரத்துக்கு வெளிச்சம் காட்டினால் அது விடிந்துவிட்டது என்றுதான் நினைக்கும்.

தூக்கம் கெடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, தைராய்டு, மனச்சோர்வு. எதிலும் பிடிப்பில்லாமல், விடியற்காலையில் விழித்து, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறவர்கள் நோட்டில் மணி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

அஞ்சாவது செமஸ்டர் முதல் ஒர்க்‌ஷாப் வகுப்பில் சார் என்னை மறுபடி லேத் பக்கம் கூப்பிட்டார்.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?"

"பதினொண்ணு சார்."

"எழுந்தது?"

"ஆறு."

"மாத்திரை?"

"இல்லை சார்."

ஜாபை மாட்டச் சொன்னார். மாட்டி இறுக்கினேன். மோட்டார் ஸ்விட்ச்சில் கை வைக்கும் முன்னால், "கீ எங்கே?" என்றார். ட்ரேயைக் காட்டினேன். பக்கத்து லேத்தில் நின்ற அதே நண்பன், எதற்கும் இருக்கட்டும் என்று குனிந்துகொண்டான்.